மாத்திரை போகும் வீட்டுக்கு ஊசியும் போகட்டும்

(ராசிபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஐப்பசி பிறந்தால் ராசிபுரத்துக்கு மழையோடு காய்ச்சலும் வந்து சேரும். போதமலை உச்சியில் மேகம் இறங்கிய நாலாம் நாளே கிளினிக் வாசல்களில் டோக்கனுக்குக் கூட்டம் நிற்கும். முதலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருமிக்கொண்டு வரும். பிறகு அப்பாவுக்கு உடம்பு வலிக்கும். அந்த வாரம் முடிவதற்குள் பாட்டிக்கு மூச்சு வாங்கும். இவர்கள் எல்லாரையும் டாக்டரிடம் கூட்டிப்போக ஆள் உண்டு. ஆனால் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்கும் பக்கவாதம் வந்த கணவருக்கும் இரவு பகலாகப் பணிவிடை செய்து கொண்டிருக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் அது எவர் கணக்கிலும் சேராது. பாரசிட்டமால் ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் அடுப்படிக்குப் போய்விடுவார். "எனக்கென்னங்க, மொதல்ல அவிங்களப் பாருங்க" என்பார். அவரைப் பற்றியும், மழைக்கு முன்னால் அவருக்குப் போட வேண்டிய ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றியும்தான் இன்றைய பேச்சு.

குளிர்காலத் தடுப்பூசி என்றால் லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லித்தான் பலருக்குத் தெரியும். பனி கொட்டும் ஊருக்கு அது சரி, நாமக்கல் வெயிலுக்கு எதற்கு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஃப்ளூவை உண்டாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸ் பனியை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. பத்து இந்திய நகரங்களில் அது எந்த மாதம் உச்சத்துக்குப் போகிறது என்று பார்த்த ஆய்வொன்று 2015இல் வெளியானது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. டெல்லி, லக்னோ, கொல்கத்தா போன்ற நகரங்களில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர். ராசிபுரமும் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து நிற்கும் ஊர்தான். சீமையில் மார்கழிக் குளிர் செய்கிற வேலையை இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை செய்கிறது. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லாரும் ஒரே அறையில் முடங்கும் நாட்கள் அவை.

ஊசி போட்டபின் உடம்பில் எதிர்ப்பு உண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆகவே போட வேண்டிய காலம் ஆவணிக் கடைசியும் புரட்டாசியும். ஊரெல்லாம் இருமத் தொடங்கிய பிறகு போட்டாலும் பயன் உண்டு, ஆனால் பாதிப் பருவம் கைநழுவிப் போயிருக்கும்.

தமிழ்நாட்டுக்கு ஃப்ளூ புதிய விருந்தாளி அல்ல. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து நோயாளிகளுடன் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு கப்பல். ஆசிய ஃப்ளூ என்று உலகம் அழைத்த கொள்ளைநோய் அந்த வழியாகத்தான் இந்தியாவுக்குள் நுழைந்தது. பன்னிரண்டு வாரங்களுக்குள் நாடு முழுக்கப் பரவியது. 1958 பிப்ரவரி வரை பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கும் மேல், இறந்தவர்கள் 1,098 பேர். இந்தக் கணக்கை எழுதி வைத்தது வெளிநாட்டு நிறுவனம் எதுவுமல்ல. நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃப்ளூயன்சா மையம். ஃப்ளூவைக் கண்காணிக்கும் கலை இந்த மாநிலத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும்.

அதற்கும் முந்தையது 1918. அந்த ஆண்டின் பிற்பாதியில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை ஃப்ளூ கொண்டுபோனது. அந்தச் சாவுக் கணக்கில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக இறந்தார்கள். சத்தான சாப்பாடு பெண்களுக்குக் கடைசியில்தான் கிடைத்தது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம். தாங்களே காய்ச்சலில் இருந்தும் எழுந்து மற்றவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள் என்பது இன்னொன்று. நூறு ஆண்டு கடந்துவிட்டது. மருந்துகள் மாறிவிட்டன, மருத்துவமனைகள் வந்துவிட்டன. வீட்டுக்குள்ளே யார் எழுந்து கஞ்சி வைப்பது என்ற ஏற்பாடு மட்டும் பெரிதாக மாறவில்லை.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன பெரியவர் ஒருவர் இருக்கும் வீடு என்று வைத்துக்கொள்ளலாம். விழுங்க முடியாததால் மூக்கு வழியாக டியூப். ஒவ்வொரு வேளையும் தலைமாட்டை உயர்த்தி, கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, பெரிய சிரிஞ்சில் எடுத்து, சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும், நுரையீரலுக்குப் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வந்துவிடும். புரட்டுவதற்கு அவர் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கும்போது பார்த்துக்கொள்பவரின் முகமும் நோயாளியின் முகமும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கும். சளியைத் துடைப்பது, வாயைக் கழுவிவிடுவது, டயபர் மாற்றுவது எல்லாம் அந்த ஒரு சாணுக்குள்தான். ஃப்ளூ வந்தவர் தனக்கு அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே வைரசைப் பரப்பத் தொடங்குவார், அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்பிக்கொண்டிருப்பார். "காய்ச்சல் வந்தா கிட்டப் போகாம இருந்துக்குவேன்" என்ற திட்டம் அதனால்தான் பலிப்பதில்லை. தெரிய வரும்போது வைரஸ் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த வேலையைச் செய்பவர் யார்? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் பதில் இருக்கிறது. வீட்டிலுள்ள குழந்தை, முதியோர், நோயாளி ஆகியோரைக் கூலியில்லாமல் கவனிக்கும் வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 134 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 76 நிமிடம். சமையல், துவைப்பு, கூட்டிப் பெருக்கல் வகையறா தனிக்கணக்கு, அதில் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97. ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். லாரியிலும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியிலும் வீட்டு ஆண்கள் வாரக்கணக்கில் வடக்கே போய்விடுகிறார்கள். வீட்டில் பெரியவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் அவர் மனைவி, மகள் அல்லது மருமகள். பகலில் அவரே குச்சிக்கிழங்கு வெட்டவோ கோழிப்பண்ணைக்கோ போய் வருகிறார். ஆண்கள் செய்வதே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். தறிக்குழியில் காலை வைத்துக்கொண்டு அடுத்த அறையில் கிடக்கும் மனைவியின் முனகலுக்குக் காது கொடுக்கும் நெசவாளிகள் குருசாமிபாளையத்திலும் புதுப்பட்டியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சு.

முதியோர் பங்கில் கேரளத்துக்கு அடுத்த மாநிலம் தமிழ்நாடு. 2021 மதிப்பீட்டின்படி இங்கே நூற்றுக்கு 13.6 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையோ வீட்டுக்கு ஒன்று, இரண்டு. வரும் ஆண்டுகளில் ஒவ்வொரு மருமகளின் தோளிலும் ஏறப்போகும் பாரம் கூடுமே தவிரக் குறையாது.

சரி, நோயாளிக்கு ஊசி போட்டால் போதாதா, பார்த்துக்கொள்பவருக்கும் ஏன்? நியாயமான கேள்வி. நோயாளிக்கும் போட வேண்டும், முதலில் அவருக்குத்தான். ஆனால் வயதான உடம்பு தடுப்பூசிக்குக் கொடுக்கும் பதில் இளவயது உடம்பு கொடுப்பதைவிட மெலிந்தது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் மருந்து என்று சேர்ந்துவிட்டால் இன்னும் மெலியும். பெரியவருக்குப் போட்டது பாதி வேலை செய்தால், மீதியைச் செய்து கொடுக்க வேண்டியது அவரைச் சுற்றியிருப்பவர்களுக்குப் போட்ட ஊசி.

இதற்குச் சான்று உண்டா? ஸ்காட்லாந்தில் முதியோர் நீண்டகாலம் தங்கும் இருபது மருத்துவமனைகளில் ஒரு சோதனை செய்து 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஊழியர்களுக்கு ஃப்ளூ ஊசி போட முன்வந்த மருத்துவமனைகளில் அந்தக் குளிர்காலத்தில் இறந்த முதியோர் 13.6 சதவீதம், மற்றவற்றில் 22.4 சதவீதம். அந்த வித்தியாசம் முழுவதும் ஃப்ளூவால்தானா என்று பிற்கால ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். அந்தக் கேள்வியை மறைக்கக் கூடாது. அதைவிடத் தெளிவான சான்று கனடாவில் கிடைத்தது. ஹட்டரைட் என்ற கிறித்தவப் பிரிவினர் அங்கே தனித்தனிக் குடியிருப்புகளில் கூட்டாக விவசாயம் செய்து வாழ்கிறார்கள். அப்படிப்பட்ட 49 குடியிருப்புகளில் பாதியில் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசியும் மீதியில் வேறொரு தடுப்பூசியும் போட்டுப் பார்த்தார்கள். ஃப்ளூ ஊசி போட்ட பக்கத்தில், ஊசியே போடாத பெரியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஃப்ளூ வருவது 61 சதவீதம் குறைந்தது. 2010இல் வெளியான இந்த முடிவின் பொருள் எளிது: ஒருவர் கையில் குத்திய ஊசி பக்கத்து ஆளையும் காக்கும்.

இன்னொரு காரணம் மருத்துவப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. பார்த்துக்கொள்பவர் ஐந்து நாள் படுத்துவிட்டால் அந்த வீட்டில் கட்டிலுக்கு மாற்று ஆள் கிடையாது. டியூப் வழியே ஊட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று தெரிந்தவரும் அவர்தான். ஒரு வேளை இன்சுலின் தவறும், ஒரு ராத்திரி புரட்டிப் படுக்க வைக்க ஆளிருக்காது. அதோடு பெரியவருக்கும் ஃப்ளூ தொற்றினால் ஆபத்து நுரையீரலோடு நிற்காது. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடுகிறது என்று கனடாவில் நடந்த ஆய்வு 2018இல் காட்டியது. பிரஷரும் சுகரும் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமா?

பார்த்துக்கொள்பவரின் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் மறதிநோய் கண்ட உறவினரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்களின் தோலில் ஒரு சிறு காயம் உண்டாக்கி, ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். அதே வயதுள்ள மற்றவர்களைவிட ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. மறு ஆண்டு, 1996இல், மறதிநோய் வந்த கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்பவர்களுக்கு ஃப்ளூ ஊசி போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் உடம்பில் உண்டான எதிர்ப்பும் மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தது. ஓயாத கவலையும் தூக்கமின்மையும் ரத்தத்தில் ஏறிவிடுகின்றன. பார்த்துக்கொள்பவர் திடகாத்திரமானவர், அவருக்கு என்ன என்று ஊர் நினைப்பது தப்பு. அவரும் நோய்க்கு எளிதில் ஆட்படக்கூடியவர். ஊசியோடு ஒரு முழு ராத்திரித் தூக்கமும் அவருக்குத் தேவை.

பார்த்துக்கொள்பவருக்கு ஊசி வேண்டும் என்பதைப் பிரிட்டன் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையில் ஃப்ளூ ஊசி இலவசமாகப் பெறுவோர் பட்டியலில், வீட்டில் முதியவரையோ மாற்றுத்திறனாளியையோ முதன்மையாகப் பார்த்துக்கொள்பவருக்கு இடம் உண்டு. அவர் நோயில் விழுந்தால் அந்த முதியவரின் நலம் கெடும் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். சம்பளம் வாங்குகிறாரா என்று எவரும் கேட்பதில்லை. கோவிட் தடுப்பூசி வந்தபோது முன்னுரிமை வரிசையில் ஆறாவது இடம் இவர்களுக்கும் கொடுக்கப்பட்டது. பின்னாளில், 2024 இலையுதிர்காலத்தில், கோவிட் ஊசிப் பட்டியலிலிருந்து குடும்பப் பராமரிப்பாளர்கள் நீக்கப்பட்டார்கள். பரவலைத் தடுப்பதில் அந்த ஊசியின் பலன் குறைந்துவிட்டது என்று நிபுணர் குழு சொன்னது. ஃப்ளூ ஊசி மட்டும் அவர்களுக்குத் தொடர்ந்தது. எந்த ஊசி யாருக்குப் பயன் என்று ஆண்டுதோறும் அலசி, சேர்ப்பதும் நீக்குவதுமாக அங்கே நடக்கும் வேலை பார்க்கத்தக்கது.

இங்கே 2021இல் கோவிட் ஊசி வந்தபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஜனவரி 16 முதல் மருத்துவப் பணியாளர்கள். மார்ச் 1 முதல் அறுபது கடந்தவர்களும், நாற்பத்தைந்து கடந்த நோயாளிகளும். ஏப்ரல் 1 முதல் நாற்பத்தைந்து கடந்த எல்லாரும். முப்பத்தைந்து வயது மருமகள் ஒருவர் படுக்கையில் கிடக்கும் மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் முறை மே 1க்குப் பிறகுதான் வந்தது. இரண்டாம் அலை அதற்குள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டுக்கே போய் ஊசி போடுங்கள் என்று மத்திய சுகாதாரத் துறை அறிவித்ததும் செப்டம்பரில்தான். அந்தப் பட்டியலை எழுதியவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, தடுப்பூசித் தட்டுப்பாடு அப்படி இருந்தது. அடுத்த பட்டியல் எழுதும்போது இந்த மருமகள் அதில் இருக்க வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை.

கேட்பதற்குச் சட்டத்திலேயே பிடி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளர் யார் என்று வரையறுக்கும்போது, பெற்றோரையும் மற்றக் குடும்பத்தினரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர் பராமரிப்பாளரே என்கிறது. கேரள அரசு ஆஸ்வாசகிரணம் என்ற திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிக்கும் குடும்பத்தினருக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை வைத்தது. தொகை சிறியது. ஆனால் அந்த வீட்டில் வேலை செய்பவர் ஒருவர் இருக்கிறார் என்று அரசுக் கணக்கில் பெயர் ஏறிவிட்டது. பெயர் ஏறிவிட்டால் ஊசி கொண்டுபோவதும் எளிது.

தடுப்பூசியின் அருமையை நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லவே வேண்டியதில்லை. பண்ணையில் குஞ்சு இறங்கிய ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ராணிக்கெட் நோய்க்கு, அதாவது வெள்ளைக்கழிச்சலுக்கு, கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து விட்டுவிடுவார்கள். ஒரு நாள் தவறினால் பண்ணைக்காரருக்குத் தூக்கம் வராது. அதோடு ஷெட் வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்து, தீவனம் போடப் போகிறவர் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பார்கள். தினமும் உள்ளே போய்வருகிறவர் சுத்தமாக இருந்தால்தான் உள்ளே இருப்பது பிழைக்கும் என்று பண்ணைத் தொழில் பாடம் படித்திருக்கிறது. வீட்டுக் கட்டிலுக்குத் தினமும் போய்வருகிறவர் விஷயத்திலும் இதே கணக்குதான்.

முட்டைக்கும் ஃப்ளூ ஊசிக்கும் நேரடி உறவே உண்டு. உலகில் பெரும்பாலான ஃப்ளூ தடுப்பூசிகள் இன்றும் கோழிமுட்டைக்குள்தான் வளர்க்கப்படுகின்றன. கருவுற்ற முட்டையை ஒன்பது பத்து நாள் அடைவைத்து, உள்ளே இருக்கும் நீரில் வைரசைச் செலுத்தி, இரண்டு மூன்று நாள் வளரவிட்டு, அந்த நீரை எடுத்து, வைரசைக் கொன்று, சுத்திகரித்து மருந்தாக்குகிறார்கள். கடையில் விற்கும் நாமக்கல் முட்டை சேவல் சேராத முட்டை, அதில் வைரஸ் வளராது. மருந்துக்கென்றே நோயில்லாமல் வளர்த்த கோழிகளின் கருமுட்டை வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் இப்போது இந்த ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்லிவிட்டது. முன்பு ஃப்ளூ ஊசி போட்டபோதே கடும் ஒவ்வாமை வந்தவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

"ஊசி போட்டா காய்ச்சல் வருதுங்களே" என்பது எல்லா ஊரிலும் கேட்கும் பேச்சு. ஊசியில் இருப்பது செத்த வைரஸ். அதனால் ஃப்ளூ வராது. கை வலிக்கும், சிலருக்கு ஒரு நாள் இரண்டு நாள் உடம்பு கணகணவென்று இருக்கும். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் பெரியவரைப் புரட்ட அக்கம்பக்கத்தில் ஓர் ஆளைச் சொல்லி வைப்பது நல்லது. ஊசி போட்டும் சளி பிடிக்கிறதே என்றால், சாதாரண ஜலதோஷத்துக்கு வேறு வைரஸ்கள் காரணம், அவற்றை இது தடுக்காது. டெங்குவையும் தடுக்காது. மழைக்காலக் காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நின்றால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் இருக்கக் கூடாது. ஃப்ளூவையே கூட முழுக்கத் தடுக்காது. ஊசியும் அந்த ஆண்டு சுற்றும் வைரசும் நன்றாகப் பொருந்தினால் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது வரை நோயைக் குறைக்கும். ஆண்டுதோறும் ஏன் என்றால், வைரஸ் உருமாறிக்கொண்டே போகிறது, உடம்பில் உண்டான எதிர்ப்பும் சில மாதங்களில் தேய்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்த வைரஸ் ரகங்களை ஊசியில் சேர்ப்பது என்று அறிவிக்கிறது. போட்டுக்கொள்ளப் போகிறவர், கையிலிருக்கும் மருந்து இந்தப் பருவத்துக்கு உரியதா, காலாவதி தேதி என்ன என்று கேட்டே போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளலாம், அவர்களுக்கு இது சிறப்பாகவே பரிந்துரைக்கப்படுகிறது. பெரியவருக்கு நிமோனியா தடுப்பூசியும் தேவையா என்று அதே நாளில் டாக்டரைக் கேட்டுவிடலாம்.

பிறகு விலை. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. தனியார் மருத்துவமனையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் ஆகிறது. கிழங்கு வெட்டிக் கூலி வாங்கும் பெண்ணுக்கு அது பல நாள் சம்பளம். தன் உடம்புக்காக அந்தப் பணத்தை அவர் எடுத்து வைக்க மாட்டார், வைக்கச் சொல்வதும் நியாயமல்ல. ஃப்ளூ ஊசி இந்தியாவிலேயே தயாராகிறது, அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் செய்கிறது. அரசு மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். வாங்க வேண்டியது எல்லாருக்குமல்ல, படுக்கையில் நோயாளி இருக்கும் வீடுகளுக்கு மட்டும்.

அந்த வீடுகள் எவை என்று அரசுக்குத் தெரியுமா? தெரியும். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்த மக்களைத் தேடி மருத்துவம், வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறது. இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புச் சிகிச்சையும் அதில் சேர்த்தி. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது பெற்ற திட்டம் அது. எந்தத் தெருவில், எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது அந்தத் திட்டத்தின் மகளிர் தன்னார்வலரின் நோட்டில் இருக்கிறது. கதவைத் திறந்து மாத்திரையை வாங்கிக்கொள்பவரின் முகமும் அவருக்குத் தெரியும். அந்த நோட்டில் இன்னொரு கட்டம் போட்டு, பார்த்துக்கொள்பவர் பெயர், வயது, ஃப்ளூ ஊசி போட்ட தேதி என்று எழுதினால் போதும். புதிதாக ஓர் இலாகா தேவையில்லை.

வீட்டுக்கே போக வேண்டும் என்பது முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தோறும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள், அங்கேயே இவர்களும் வரட்டுமே என்று சொல்வது சுலபம். பஸ் பிடித்து, வரிசையில் நின்று, போட்டபின் அரை மணி நேரம் உட்கார்ந்து திரும்புவதற்குள் கட்டிலில் கிடப்பவருக்கு யார் துணை? அந்த அரை நாளுக்கு ஆள் கிடைக்காததால்தான் பலர் தங்கள் பல்வலியையும் கண் புரையையும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில், உறைந்துவிடாமல் கொண்டு போக வேண்டும். ஐஸ் பேக் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிப் பழகியவர்கள் நம் கிராம சுகாதார செவிலியர்கள். தேர்தல் இயந்திரத்தைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போதமலையின் கீழூருக்கும் மேலூருக்கும் கெடமலைக்கும் அரசு ஊழியர்கள் நடந்து ஏறிய வட்டாரம் இது. ஓட்டு வாங்க ஏற முடிந்த மலைக்கு ஊசி போடவும் ஏற முடியும்.

ராசிபுரம் வட்டாரத்திலேயே முதலில் ஒரு பருவம் செய்து பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் படுக்கை நோயாளி என்று பதிவான வீடுகளை எடுத்து, நோயாளிக்கு ஒன்று, முதன்மையாகப் பார்த்துக்கொள்பவருக்கு ஒன்று என்று புரட்டாசிக்குள் போட்டு முடிக்கட்டும். பங்குனி வரை அந்த வீடுகளில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போனார்கள் என்று எழுதி வைக்கட்டும். நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சேலத்தில் மோகன் குமாரமங்கலம் கல்லூரி இருக்கிறது. கணக்குப் பார்த்துச் சொல்ல ஆள் உண்டு. பயன் தெரிந்தால் மாநிலம் முழுக்க எடுத்துச் செல்லலாம். செலவில் ஒரு பங்கைக் கோழிப்பண்ணை, லாரி, சேகோ, நூற்பாலைத் தொழில்கள் ஏற்றுக்கொள்ள முடியும். அங்கே வேலை செய்பவர்களின் வீட்டுப் பெண்கள்தான் இவர்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் கிராமத்துக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 15ஆம் தேதி கிராம சபை கூடும்போது இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்: "எங்கள் ஊராட்சியில் படுக்கை நோயாளிகளை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களின் பட்டியல் எடுத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வீட்டிலேயே ஃப்ளூ தடுப்பூசி இலவசமாகப் போட வேண்டும்." தீர்மானப் புத்தகத்தில் எழுதி, முறைப்படி கையெழுத்து வாங்கி, நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்டச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் அனுப்புங்கள். ராசிபுரம் நகரத்தார் தங்கள் வார்டு உறுப்பினர் வழியாக நகர்மன்றத்தில் இதே கோரிக்கையை வைக்கலாம். அதுவரை காத்திருக்காமல், கையில் வசதியுள்ள அண்ணன் தம்பிமார் இந்தப் புரட்டாசியிலேயே, அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணிக்கும் தங்கைக்கும் அந்த ஊசிக்கான பணத்தைக் கட்டி, அவர்கள் போய்வரும் வரை கட்டிலுக்குப் பக்கத்தில் தாங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள்.